ஹம்பர் ஆற்றில் முதல் துடுப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்காபரோவின் கென்னடி நிலையத்தில் இரண்டாம் இலக்கச் சப்வேயில் ஏறி, எங்கும் மாறாமல் மேற்கே போனால், ஜேன் நிலையம் தாண்டியதும் ரயில் வெளிச்சத்துக்கு வந்து ஒரு பாலத்தின் மேல் ஓடும். யன்னலுக்குக் கீழே தெரிவது ஹம்பர் ஆறு. அடுத்த நிலையமான ஓல்ட் மில்லில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் தண்ணீர்க்கரை. கோடைகாலத்தில் அங்கே வழிகாட்டியோடு கனூவில் போய்வரலாம். படகு, துடுப்பு, உயிர்காப்பு அங்கி எல்லாம் அவர்களே தருவார்கள். முன்பு துடுப்பே பிடித்திராதவர்களுக்காகத்தான் இந்த இரண்டு மூன்று மணித்தியாலப் பயணங்கள் நடக்கின்றன.

ஆனாலும் ரொறன்ரோவில் முப்பது வருடம் இருந்தும் இந்த ஆற்றில் ஒருநாளும் இறங்காத தமிழ்க் குடும்பங்கள் எங்களுக்குள் ஏராளம். கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவற்றில் சில உண்மை, சில பாதி உண்மை, சில முழுப் பிழை. பிரித்துப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்று. எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் மேல் உள்ள பயத்தை அறியாமை என்று ஒதுக்க நான் தயாரில்லை. 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அங்கத்தை மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். கனடாவில் எங்கள் கதையின் ஒரு பக்கம் அங்கேதான் தொடங்குகிறது. என் பெரியம்மா 1993இல், இலங்கைப் போருக்குள், கிளாலிக் கடனீரேரியை இரவோடு இரவாகப் படகில் கடந்தவர். அந்த வழியில் கரை சேராமல் போனவர்களும் உண்டு. அவரைக் கனூவுக்குக் கூப்பிட்டபோது, "தம்பி, நான் படகு பார்த்தது காணும்" என்றார். அந்தச் சொல்லுக்கு முன் எந்தப் புள்ளிவிவரமும் எடுபடாது. பிறகு, "கரையில நிண்டு பாக்கிறன்" என்று சொல்லித்தான் கூட வந்தார்.

நம்பிக்கை 1: நீந்தத் தெரியாதவர் கனூவில் ஏறக்கூடாது.

உண்மை: நீந்தத் தெரிந்தால் நல்லது. ஆனால் வழிகாட்டியோடு போகும் அமைதியான ஆற்றுப் பயணத்துக்கு அது கட்டாயமில்லை. உயிர்காப்பு அங்கிதான் கட்டாயம். அதுவும் உடம்புக்கு அளவானதாக இருக்க வேண்டும். கரையிலேயே சோதித்துப் பார்க்கலாம். எல்லாப் பட்டிகளையும் இறுக்கிய பின், இன்னொருவர் உங்கள் தோள்பக்கத்தில் அங்கியைப் பிடித்து மேலே இழுக்கட்டும். அது நாடிக்கு மேலே ஏறிக் காதைத் தொட்டால் உங்களுக்குப் பெரிது. மாற்றித் தரச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்துத் தெரிந்தெடுக்க வேண்டும். "வளர்ந்தால் போடட்டும்" என்று பெரிய சட்டை வாங்குவது போல இதை வாங்கக்கூடாது.

நீந்தத் தெரியாது என்பதை வழிகாட்டிக்கு முதலே சொல்லிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாரை எந்தப் படகில், எந்த இடத்தில் இருத்துவது என்று அவர் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்.

நம்பிக்கை 2: கனூ கொஞ்சம் சாய்ந்தாலே கவிழ்ந்துவிடும்.

உண்மை: கனூ ஆடும். ஆடுவது வேறு, கவிழ்வது வேறு. ஏறியவுடன் இடமும் வலமும் மெல்ல அசையும் அந்தப் படகு, ஓரளவு சாய்ந்ததும் தன் வயிற்றுப் புறத்தில் தண்ணீரைத் தாங்கி நின்றுகொள்ளும். பெரும்பாலும் அதைக் கவிழ்ப்பது தண்ணீர் அல்ல, உள்ளே இருப்பவர்கள்தான். எழுந்து நிற்பது, விழுந்த தொப்பியை எட்டி எடுப்பது, ஒரு பறவையைக் காட்ட எல்லோரும் ஒரே பக்கம் சரிவது, பயத்தில் விளிம்பைப் பிடித்து அதன்மேல் பாரத்தைப் போடுவது: இவைதான் வழமையான காரணங்கள்.

ஏறும் முறையைச் சரியாகப் பழகினாலே பாதிப் பயம் போய்விடும். நாங்கள் போன அன்று வழிகாட்டிப் பெண் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று படகைப் பிடித்துக்கொண்டார். ஏறுபவர் குனிந்து இரண்டு விளிம்புகளையும் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஒரு காலைப் படகின் நட்டநடுவில் வைத்து, உடம்பைத் தாழ்வாகவே வைத்தபடி மற்றக் காலை எடுத்து, உடனே இருந்துவிட வேண்டும். படகு தடுமாறினால் முழங்காலில் இருங்கள். பாரம் எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்குப் படகு நிலைக்கும்.

நம்பிக்கை 3: கைப்பலம் உள்ள இளைஞருக்குத்தான் இது சரிவரும்.

உண்மை: கையால் மட்டும் வலிப்பவர்தான் அரை மணித்தியாலத்தில் களைத்துப் போவார். துடுப்பு வலிக்கும் பலம் இடுப்பிலும் முதுகிலும் இருந்து வருகிறது. மேல் கை துடுப்பின் தலைப்பிடியை உள்ளங்கையால் மூட வேண்டும்; கீழ்க் கை அலகுக்குச் சற்று மேலே. தோளை முன்னே திருப்பித் துடுப்பை முழுதாகத் தண்ணீரில் இறக்கி, உடம்பைத் திருப்பியபடி இடுப்பு வரைக்கும் இழுத்து, அங்கேயே வெளியே எடுத்துவிடுங்கள். அதற்குப் பின்னால் இழுத்தால் வேகம் கூடாது, களைப்புத்தான் கூடும்.

எங்கள் கடற்கரையில் அணியம் என்று சொல்லும் முன்பக்கத்தில் இருப்பவர் தாளத்தை வைக்கிறார். பின்னால் இருப்பவர் அந்தத் தாளத்துக்கு வலித்துக்கொண்டே திசையைப் பார்த்துக்கொள்கிறார். இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் வலிக்க வேண்டும். எவ்வளவு பலமான இருவரானாலும் தாளம் தப்பினால் படகு வளைந்து வளைந்துதான் போகும்; பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அறுபது வயது அப்பாவும் தாளம் சேர்ந்தால் நேரே போகும். அன்று இதை நான் கண்ணால் கண்டேன்.

இன்னொன்று: ஓல்ட் மில்லுக்குக் கீழே ஆறு ஏறக்குறைய ஏரியின் மட்டத்திலேயே கிடக்கிறது. கோடையில் நீரோட்டம் மிக மெதுவானது. இங்கே களைக்க வைப்பது காற்று. அதனால் முதலில் காற்றுக்கு எதிராகப் போய், திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்வது நல்லது.

நம்பிக்கை 4: நகரத்து ஆறு வெறும் சாக்கடை.

உண்மை: இது பாதி உண்மை. ரொறன்ரோவின் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. கன மழையில் குழாய் கொள்ளாமல் போனால், மிஞ்சுவது ஆற்றிலும் ஏரியிலும் கலக்கிறது. தெருவில் கிடக்கும் எண்ணெயும், நாய்களின், வாத்துகளின் எச்சமும் கூடவே அடித்துச் செல்லப்படும். அதனால்தான் மழைக்குப் பின் 48 மணித்தியாலம் நீந்த வேண்டாம் என்று நகரச் சுகாதாரத்துறை சொல்கிறது. 100 மில்லிலீற்றர் நீரில் 100க்கு மேல் ஈ கோலை பக்டீரியா இருந்தால் அந்த ஏரிக்கரை நீந்த உகந்ததல்ல என்பது நகரத்தின் அளவுகோல்.

கனூவில் நீங்கள் நீந்தப் போவதில்லை. கை நனையும், சில வேளை முகத்தில் தெறிக்கும். ஆகவே இரண்டு மூன்று நாள் மழையில்லாத நாளைத் தெரிந்தெடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாதபடி ஒட்டுங்கள். கரையேறிக் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகு சாப்பாட்டுப் பொதியைத் திறவுங்கள்.

சாக்கடை என்று சொல்பவர்கள் ஹம்பரின் சதுப்பு நிலத்தைப் பார்த்ததில்லை. கோரைப்புல்லின் ஓரம் பெரிய நீல நாரை ஒற்றைக் காலில் நிற்கும். மீன்கொத்தி சத்தம் போட்டுக்கொண்டு குறுக்கே பறக்கும். மரக்குத்தியில் ஆமைகள் வரிசையாக வெயில் காயும். செப்டெம்பர், ஒக்டோபரில் ஓல்ட் மில் அருகே தடுப்பணையைத் தாண்டத் துள்ளும் சினூக் சமன் மீனைப் பார்க்கவென்றே சனம் கூடும். அந்தச் சமனின் கதையும் சிக்கலானதுதான். இந்த ஏரிக்கே உரிய அத்திலாந்திக் சமன் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அழிந்துபோனது. இப்போது துள்ளுவது 1960களின் பிற்பகுதியில் இருந்து பசிபிக் பக்கத்தில் இருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீனின் சந்ததி. ஆறு காயப்பட்டிருக்கிறது. சாகவில்லை.

நம்பிக்கை 5: ஆழம் குறைந்த ஆறு, ஆபத்தில்லை.

உண்மை: இதுதான் பட்டியலில் மிக ஆபத்தான நம்பிக்கை. 1954 ஒக்டோபர் 15ஆம் திகதி இரவு ஹேசல் சூறாவளி வந்தபோது, இதே ஹம்பர் பெருகி ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேரைக் கொண்டுபோனது. ஒன்ராறியோ முழுதும் 81 பேர் இறந்தார்கள். ஆற்றங்கரையில் இன்று வீடுகள் இல்லாமல் பூங்காக்கள் இருப்பதற்கு அந்த இரவும் ஒரு பெரிய காரணம். தார் வீதியும் கொங்கிரீட்டும் மழையை உறிஞ்சாது. அதனால் நகரத்து ஆறு சில மணித்தியாலத்துக்குள் நிறம் மாறி, மட்டம் ஏறி, வேகம் பிடித்துவிடும்.

தடுப்பணைகளையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். பார்க்க இடுப்பளவு உயரம்தான். ஆனால் அதன் காலடியில் விழும் தண்ணீர் உருண்டு திரும்பி அணையை நோக்கியே இழுக்கும். அதில் அகப்பட்ட ஆளையும் படகையும் மேலேயும் கீழேயும் புரட்டிக்கொண்டே இருக்கும். நல்ல வழிகாட்டி அணைப்பக்கம் கிட்டப் போகவே விடமாட்டார். ஆறு ஏரியைத் தொடும் இடத்தில், வெள்ளை வளைவுப் பாலத்துக்கு அப்பாலும் புதியவர்களைக் கொண்டுபோக மாட்டார். அங்கே தொடங்குவது ஏரியின் காற்றும் அலையும்.

நம்பிக்கை 6: வெயில் எறித்தால் போதும், ஏப்ரலிலேயே போகலாம்.

உண்மை: காற்று சூடானாலும் தண்ணீர் சூடாகப் பல கிழமை எடுக்கும். மனிரோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீர் பற்றிச் சொல்லித் தரும் கணக்கு 1-10-1. உறைகுளிர் நீரில் விழுந்தால் மூச்சை அடக்கிக்கொள்ள 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம். முதல் நிமிடத்தில் உடம்பு தானாகவே மூச்சை இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். திறமான நீச்சல்காரரையும் அந்த நிமிடம் விட்டுவைக்காது. அங்கியைப் போட்டிருந்தால் தலை வெளியே நிற்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு யூலையும் ஆகஸ்டும் நல்ல மாதங்கள்.

நம்பிக்கை 7: படகு ஓட்ட அனுமதி அட்டை எடுக்க வேண்டும்.

உண்மை: கனடாவில் அந்த அட்டை இயந்திரம் பூட்டிய படகுக்குத்தான். கையால் வலிக்கும் கனூவுக்குத் தேவையில்லை. ஆனால் சட்டம் கேட்கும் சாமான்கள் உண்டு: ஆளுக்கொரு அளவான உயிர்காப்பு அங்கி, குறைந்தது 15 மீற்றர் நீளமான மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரம், ஊதுகுழல். புறப்பட முன் இவை படகில் இருக்கின்றனவா என்று கேட்பது உங்கள் உரிமை.

நம்பிக்கை 8: கனூ வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு.

உண்மை: கனூ என்ற சொல்லே கரீபியத் தீவுகளின் ஆதிக்குடிகளிடம் இருந்து வந்தது, எங்கள் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனது போல. பேர்ச் மரப்பட்டையை விரித்து, சீடர் சட்டங்களால் தாங்கி, ஸ்புரூஸ் வேரால் தைத்து, அதன் பிசினால் அடைத்துப் படகு செய்தவர்கள் இந்தப் பக்கத்து ஆதிக்குடிகளான அனிஷினாபே மக்கள். ஐரோப்பியர் வர வெகுகாலம் முன்பே ஹம்பர் ஓரமாக வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீற்றர் படகையும் பொதியையும் சுமந்து, சிம்கோ ஏரிப் பக்கம் போகும் பாதை இருந்தது. ஓல்ட் மில்லுக்குச் சற்று மேலே, இன்று பேபி பொயின்ட் என்று சொல்லும் மேட்டில், 17ஆம் நூற்றாண்டில் தெயாயாகொன் என்ற செனெக்கா ஆதிக்குடிகளின் ஊர் இருந்தது. 1999இல் ஹம்பர் கனடாவின் மரபு ஆறுகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டதற்கு இந்த வரலாறும் ஓர் அடிப்படை. மரத்தைக் குடைந்து வள்ளம் செய்த ஊர்களில் இருந்து வந்த நாங்கள் இந்த ஆற்றில் அந்நியப்பட ஒரு நியாயமும் இல்லை.

பதிவு செய்ய முன் வழிகாட்டியிடம் நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை படகு? முதலுதவிப் பயிற்சி இருக்கிறதா? மழையோ இடியோ வந்தால் பயணத்தை நிறுத்துவீர்களா, காசு திரும்புமா? படகு கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு, "அதெல்லாம் நடக்காது" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். என்ன செய்வோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்பவரோடு போங்கள்.

அன்று பெரியம்மா கடைசியில் ஏறினார். யாரும் வற்புறுத்தவில்லை. வழிகாட்டிப் பெண் தண்ணீரில் நின்றபடி ஒவ்வொரு ஆளாக ஏற்றுவதை அவர் கரையில் இருந்து கடைசி ஆள்வரை பார்த்தார். பிறகு, "எனக்கும் அந்தச் சட்டையைத் தாங்கோ" என்றார். நடுவில் இருந்தார். துடுப்புப் பிடிக்கவில்லை, அதிகம் கதைக்கவுமில்லை. ரயில் பாலத்தடிக்கு மேலே கொஞ்சத் தூரம் போனபோது மட்டும், "சத்தம் போடாதேங்கோ" என்று ஒரு மரக்குத்தியைக் காட்டினார். ஐந்து ஆமைகள்.

திரும்பி வரும்போது ஓல்ட் மில்லில் ரயில் ஏறி அவருக்கு இருக்கை பிடித்துக் கொடுத்தேன். போகும்போது பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர், இந்த முறை இருக்கவில்லை. யன்னலோரம் நின்று, ஆறு மறையும் வரைக்கும் கீழே அந்த மரக்குத்தியைத் தேடினார்.