செல்பில் கை வைக்க முன்

அன்புள்ள மருமகளுக்கு,

அம்மப்பாவின் மொறிஸ் மைனர் திறப்பைத் திருகினால் "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடுகிறது, செல்பைக் கழற்றிக் கட்டக் குடுக்கட்டோ என்று கேட்டிருந்தாய். பொறு பிள்ளை. "செல்ப் பழுது" என்று என்னிடம் வந்த பழைய கார்களில் பாதிக்கு மேல் செல்பில் ஒரு குறையும் இருந்ததில்லை.

முதலில் லைற்றிடம் கேள். இருட்டினதும் காரைச் சுவருக்கு நேரே விட்டு, ஹெட்லைற்றைப் போட்டுக்கொண்டு திறப்பைத் திருகு. வெளிச்சம் அசையாமல் நின்றால் செல்புக்கு மின்சாரம் போகவே இல்லை. உங்களுடையது திறப்பால் செல்ப் அடிக்கும் பிந்திய மொடல் என்பதால் சொலினொயிட்டில் ரப்பர் மூடிய பொத்தான் இருக்கும். கியரை நியூட்ரலில் விட்டு, ஹான்ட்பிரேக்கை இழுத்துவிட்டு அதைக் கையால் அமத்து. அப்போது எஞ்சின் சுற்றினால் பிழை திறப்புப் பக்கத்தில்தான். வெளிச்சம் அடியோடு அணைந்தால் பற்றறித் தலைகளைக் கழற்றிச் சுரண்டு.

மங்கிக்கொண்டு "டக்" என்றால் ஒன்றில் பற்றறி இறங்கியிருக்கும், அல்லது செல்பின் பினியன் பல்லு ஃப்ளைவீல் பல்லில் இறுகியிருக்கும். இறுகினதை விடுவிக்க, திறப்பை மூடிவிட்டு நாலாம் கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் ஆட்டு. அசையாவிட்டால் செல்பின் நுனியில் சின்ன மூடியைக் கழற்று; உள்ளே சதுரமான தண்டு இருக்கும், அதை ஸ்பானரால் திருப்பினால் விட்டுவிடும்.

இந்தக் காரில் அது அடிக்கடி இறுகுவதற்கு ஒரு வரலாறு உண்டு. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் அம்மப்பா இதை மண்ணெண்ணெயில் ஓட்டினவர். ஊசிக்குழாயால் காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேணும். ஒவ்வொரு காலையும் செல்ப் பத்துத் தரம் அடித்திருக்கும். நாலு சிலிண்டர் எஞ்சின் நிற்கும்போது அநேகமாக ஃப்ளைவீலின் அதே இரண்டு இடங்களில்தான் நிற்கும். அதனால் அந்த இரண்டு இடத்துப் பல்லும் மற்றவற்றுக்கு முதலே தேய்ந்து போகும். எஞ்சினைச் சுற்றும் கைபிடியை முன்னால் செருகிச் சற்றுத் திருப்பிவிட்டால் செல்ப் உடனே பிடிக்கிறதா என்று பார். பிடித்தால் காரணம் இந்தத் தேய்வுதான்.

"விர்ர்" என்று செல்ப் மட்டும் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால், பினியன் ஓடும் புரியில் அழுக்கு ஏறியிருக்கிறது. மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிடு. கிறீஸ் மட்டும் பூசாதே. கிளச் தூள் அதில் ஒட்டிப் பசையாகிவிடும்.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். என் காரின் செல்பை ஒரு கராஜில் இரண்டு தரம் கழற்றிக் கட்டினார்கள், காபனும் மாற்றினார்கள். காசு போனது, எஞ்சின் பிறகும் சோம்பலாகவே சுற்றியது. ஒருநாள் செல்ப் அடித்துக்கொண்டே தற்செயலாகச் சோக் கேபிளைத் தொட்டேன், விரல் சுட்டது. கியர்பொக்ஸையும் பொடியையும் இணைக்கிற பின்னல் ஏர்த் பட்டி உக்கிப்போயிருந்தது. செல்புக்குப் போன மின்சாரம் திரும்பி வர வழியில்லாமல் அந்த மெல்லிய கேபிளால் ஓடியிருக்கிறது. புதுப் பட்டி போட்டேன், அன்றைக்கே எஞ்சின் பழைய வேகத்தில் சுற்றியது. செல்ப் 150 அம்பியர் இழுக்கும்போது பாதையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ற் அதிலேயே போய்விடும்.

உங்கள் காரிலும் அந்தப் பட்டியைக் கண்ணால் பார்த்து நம்பாதே, மீற்றரை வைத்துப் பார். கொயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்று, எஞ்சின் பிடிக்காது. சும்மா நிற்கும்போது பற்றறி 12.6 வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டவேணும். செல்ப் அடிக்கும்போது 10க்குக் கீழே விழக்கூடாது. பிறகு மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் ஏர்த் தலையிலும், மற்றதை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்துச் செல்ப் அடி. அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் பட்டியை மாற்று.

ஒரு கவனம்: இந்தக் கார் வரும்போதே பொசிற்றிவ் ஏர்த். பிறகு யாரும் மாற்றியிருக்கவும் கூடும். எந்தத் தலையிலிருந்து வயர் பொடிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு, அதையே முதலில் கழற்று.

மீற்றர் காட்டிய மூன்று எண்களையும் எழுதி அனுப்பு. அதுவரை செல்பைக் கழற்ற ஸ்பானர் வைக்காதே.

அன்புடன்,
மாமா