காலியாவுக்கு எத்தனை புகைபோக்கி?

குற்றாலம்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய வ.உ.சி. கப்பல் ஓவியம் கிடைத்தது. கோடு சுத்தமாக இருக்கிறது. அலைக்குப் போட்ட நிழலும் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் கப்பலுக்கு நாலு புகைபோக்கி வைத்திருக்கிறாயே, அது உறுத்துகிறது. “சரியான படம் கிடைக்காதபோது மீதியைக் கற்பனையாகப் போட்டுக்கொள்ளலாம் இல்லையா ஐயா?” என்று கேட்டிருப்பது இன்னும் உறுத்துகிறது. நீ வரைந்திருக்கும் அந்தக் கப்பல், காலியா, தூத்துக்குடிக்கு வந்தது 1907-ல். நாலு புகைபோக்கியோடு எல்லார் மனத்திலும் மிதக்கிற டைட்டானிக் தண்ணீரில் இறங்கியதே 1911-ல்தான். அந்த ஆண்டு வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதையே முடிந்துபோனது. நீ கற்பனை செய்யவில்லை தம்பி. சினிமாவில் பார்த்தது கையில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. டைட்டானிக்கிலேயே அந்த நாலாவது புகைபோக்கி பெரும்பாலும் காற்றோட்டத்துக்காக வைத்தது என்பதையும் தெரிந்துகொள்.

இந்தப் பிழை கப்பலுக்கு மட்டும் வருவதில்லை. 1950-ம் ஆண்டுத் தென்காசியை வரையச் சொன்னால் நம் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் முதலில் போடுவது காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம். அந்தக் கோபுரம் 1990-ல் குடமுழுக்குக் கண்டது. அதற்கு முன் நெடுங்காலம் இடிந்து பிளந்து மொட்டையாக நின்றது. பழைய புகைப்படங்களில் இரண்டு பக்கச் சுவர்களும் நடுவில் வானமும்தான் தெரியும். ஆக, 1950-ல் சந்நிதித் தெருவில் நடந்தவன் பார்த்த ஊர் நீ பார்க்கும் ஊர் இல்லை. நேரில் வந்து வரைந்தவர்களின் படத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. குற்றால அருவியை வரைந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792-ல் இந்தப் பக்கம் வந்தார்கள்; அவர்களுடைய அச்சுப்படம் லண்டனில் வெளியானபோது பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு படத்தைப் பார்த்ததும் அழகா என்று கேட்காதே. எப்போது, எங்கே உட்கார்ந்து, எதை வைத்துப் போட்டது என்று கேள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் உங்கள் வகுப்பில் யாரும் எழுதிக்கொள்வதில்லை.

சரி, காலியாவுக்கு வருவோம். புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் கணக்கு உனக்கும் தெரியும்: முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரணப் பயணிகள் 1,300 பேர், 4,000 மூட்டைச் சரக்கு. இதை ஒப்பிப்பதோடு நிறுத்திவிட்டாய். இதை வைத்துத்தான் வரைய வேண்டும். அறை தேவைப்படுகிறவர்கள் 66 பேர். அவர்களுக்கு நடுக்கப்பலில் தாழ்வான ஒரு கட்டுமானம் போதும், ஏழு மாடி எதற்கு? 1,300 பேருக்கு அறை கிடையாது, தளம்தான். தூத்துக்குடி வெயிலில் திறந்த தளத்தில் ஆட்களை ஏற்றினால் மேலே கித்தான் கட்டாமல் முடியாது. மூட்டைக்கு 75 கிலோ என்று வைத்தாலும் சரக்கு 300 டன்தான். கொழும்புக்குப் போய்த் திரும்பும் இப்படிப்பட்ட கப்பலுக்கு ஒரு புகைபோக்கி போதும். சரக்கறை வாய்க்கு மேல் பாய்மரத்திலிருந்து சாய்ந்து நிற்கும் பளுதூக்கிக் கம்பத்தை மறக்காதே, உன் படத்தில் அது இல்லவே இல்லை.

இதைவிடப் பெரிய தவறு, கப்பலைக் கல்பாலத்தை ஒட்டி நிறுத்தி, ஜனங்களைப் பலகை மேல் நடத்தி ஏற்றியிருப்பது. அன்றைய தூத்துக்குடியில் கரையோரக் கடல் ஆழமில்லாதது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணியிலும் ஆட்களைப் படகிலும் ஏற்றிக் கொண்டுபோவார்கள். கப்பல் வந்து அணையும் பெரிய துறைமுகம் அமைந்தது 1974-ல். ஆகவே காலியாவைச் சுற்றித் தண்ணீர்தான் இருக்க வேண்டும்; பக்கவாட்டில் தோணிகள், தொங்கும் கயிறு, அதன் நுனியில் ஒரு மூட்டை. காலியாவின் புகைப்படம் ஒன்றுகூடக் கிடைக்காவிட்டாலும் இவ்வளவையும் நிச்சயமாக வரையலாம்.

வ.உ.சி.யின் கப்பலைச் சிறியதாகக் காட்டினால் அவர் பெருமை குறையாதா என்று உன் நண்பர்கள் கேட்பார்கள். எனக்குச் சரியான எரிச்சலைத் தரும் கேள்வி இது. 1906-ல் பதிவான கம்பெனி, பங்கு ஒன்று 25 ரூபாய் என்று 40,000 பங்கு போட்டுப் பத்து லட்சம் திரட்டப் பார்த்தது. எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கி, அப்புறம் இலவசம் என்று சொல்லி, கூடவே குடையும் கொடுத்ததாகச் சொல்லப்படுகிற கம்பெனி அது. அவ்வளவு பலமான எதிராளியோடு வ.உ.சி. காலியாவையும் சேர்த்து இரண்டே சாதாரணக் கப்பல்களை வைத்து மோதினார் என்பதே விஷயம். அரண்மனை மாதிரி ஒரு கப்பலை வரைந்தால் அந்த மோதல் எங்கே தெரியும்? (குடை பிடித்த கூட்டத்தைக் காலியாவில் ஏற்றிவிடாதே, குடை கொடுத்தவர்கள் எதிராளிகள்.)

இன்றும் இருக்கும் பழைய கப்பல் ஒன்றைப் பார்த்து வரையலாமே என்றால், வரையலாம், விசாரித்துவிட்டு. பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரியில் யாவாரி என்ற பழைய நீராவிக் கப்பல் உண்டு. 1862-ல் லண்டனில் செய்து, துண்டு துண்டாகக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய்ப் பூட்டியது. பின்னாளில் உடலை நடுவில் வெட்டி நீளமாக்கிவிட்டார்கள். இன்றைய யாவாரியை அளந்து 1870-ன் யாவாரியை வரைகிறவன் நீளத்திலேயே தவறிவிடுவான்.

ஆகவே இப்படிச் செய். ஆதாரம் உள்ளதை மையில் போடு, ஊகத்தைப் பென்சிலில் விடு, நிறம் தெரியாவிட்டால் பூசாதே. மறுபடி வரையும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போய்வா. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகள் இன்றும் அங்கே நிற்கின்றன. ஒரு தோணியின் நீளத்தையும் அதில் நிற்கும் ஆளின் உயரத்தையும் குறித்துக்கொள். கப்பலின் அளவை அதிலிருந்து தொடங்கு.

அன்புடன்,
உன் ஆசிரியர்