ஆடையும் நெய்யும் இதயமும்



கொழுப்பு நீக்கிய பாலே இதயத்திற்கு உகந்தது என்னும் கருத்துக்கு வலுவான அடிப்படை உண்டு. பால் கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு, அதாவது குளிர்ந்தால் உறைந்துபோகும் வகை. அது மிகும்போது, தமனிச் சுவர்களில் படியும் எல்டிஎல் என்ற கொலஸ்ட்ரால் குருதியில் உயர்கிறது.

ஆவினின் ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் உள்ள நிறைகொழுப்புப் பாலில் 6 விழுக்காடும், நீல நிறப் பாக்கெட்டின் சமன்படுத்திய பாலில் 3 விழுக்காடும் கொழுப்பு உள்ளது. கொழுப்பு நீக்கிய பாலிலோ அது அரை விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது இந்திய விதி. ஆகவே 200 மில்லி தம்ளர் ஒன்றில் முறையே 12 கிராம், 6 கிராம், 1 கிராம் அளவுக்குக் கொழுப்பு சேர்கிறது. புரதமும் கால்சியமும் மூன்றிலும் பெரிதாக வேறுபடுவதில்லை.

எனினும் கொழுப்பின் அளவைப் போலவே அதன் வடிவமும் கவனிக்கத்தக்கது. பாலில் கொழுப்பு நுண்துளிகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துளியையும் பாஸ்போலிப்பிடும் புரதமும் கலந்த மென்படலம் போர்த்தியிருக்கிறது. கடையும்போது அப்படலம் கிழிவதால்தான் வெண்ணெய் திரள்கிறது. உருக்கிய நெய்யில் அது அறவே இல்லை. சுவீடனில் உடற்பருமன் கூடிய 57 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 40 கிராம் பால் கொழுப்பை எட்டு வாரம் பாலேடாக உண்டவர்களுக்கு எல்டிஎல் உயரவில்லை. நெய்யை ஒத்த வெண்ணெய் எண்ணெயாக உண்டவர்களுக்கு உயர்ந்தது. ஆய்வு சிறியதே ஆயினும், பாலையும் நெய்யையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது பிழை என்பதை அது தெளிவாக்குகிறது.

இந்தியா உட்பட 21 நாடுகளில் நடந்து 2018இல் வெளியான பியூர் ஆய்விலும், பால் பொருள்களை மிகுதியாக உண்டோரிடம் இதயநோயும் மரணமும் குறைந்தே காணப்பட்டன. ஆனால் பால் வாங்க வசதியுள்ளவருக்கு மருத்துவ வசதியும் இருக்கக்கூடுமாதலால், பாலே காரணம் என்று அதைக்கொண்டு முடிவுகட்ட இயலாது.

வளர்சிதை மாற்றத்தைப் பொறுத்தவரை, அதாவது உணவை உடல் ஆற்றலாக்கும் முறையில், கொழுப்பு நீக்கிய பாலில் கலோரி குறைவு என்பது மெய்; சுவை போதவில்லை என்று இரண்டு கரண்டி சர்க்கரை கூடினால் அந்த ஆதாயத்தில் பெரும்பங்கு கரைந்துவிடும். எல்டிஎல் மிகுந்தவர்களும் இதயநோயாளிகளும் கொழுப்புக் குறைந்த பாலை நாடுவதே தக்கது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொழுப்பு நீக்கிய பால் பொருந்தாது. ஏனையோருக்கு நீலப் பாக்கெட்டே போதும்.

காய்ச்சி ஆறிய பாலின் மேல் படியும் ஆடையை வழித்தெடுப்பதும் நல்ல வழக்கமே. அவ்வாடையைச் சேர்த்துக் கடைந்து நெய்யாக உருக்கிப் பருப்புச் சோற்றில் ஊற்றும் வீட்டில், நீக்கிய கொழுப்பு படலத்தை இழந்த வடிவில் அதே தட்டுக்குத் திரும்பி வருகிறது.