கப்பல் பயணமா? டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டை எடுங்க!



சிங்கப்பூர், மலேசியா என்று விமானத்தில் போய் வந்தவர்கள் மதுரைப் பக்கம் நிறையவே உண்டு. இப்போது ஆசை கப்பல் பக்கமும் திரும்பியிருக்கிறது. 2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்.வி. எம்ப்ரஸ்’ சொகுசுக் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணியர் கப்பல் தொடங்கியது. இடையில் நின்றுபோன அந்தச் சேவை 2024 ஆகஸ்ட் 16 அன்று மறுபடியும் தொடங்கியது.

விமானத்தில் பெரும்பாலும் ஒரு நாட்டுக்குப் போகிறோம். அந்த நாட்டு விதியைத் தெரிந்துகொண்டால் போதும். சொகுசுக் கப்பலோ ஒரே பயணத்தில் இரண்டு, மூன்று நாடுகளைத் தொட்டு வரும். அதனால் என்னென்ன ஆவணம் தேவை என்பதைக் கப்பல் போகும் வழிதான் முடிவு செய்கிறது. மதுரையிலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து சென்னைக்குப் போன பிறகு, “உங்க பாஸ்போர்ட் செல்லாதுங்க” என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கப்பல் நமக்காகக் காத்திருக்காது. கட்டின பணமும் பெரும்பாலும் திரும்ப வராது. எனவே கீழே உள்ள வரிசைப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

1. கப்பல் எங்கெல்லாம் நிற்கிறது?

முதலில் பயணத் திட்டத்தை வாங்கிப் படியுங்கள். சென்னையிலிருந்து புதுச்சேரி, விசாகப்பட்டினம் என்று நம் நாட்டுத் துறைமுகங்களுக்குள்ளேயே சுற்றி வரும் பயணத்துக்கு ஆதார், வாக்காளர் அட்டை போன்ற அடையாள அட்டை போதும். அந்தமானுக்குக் கப்பலில் போகவும் இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. அதே சென்னைத் துறைமுகத்தில் ஏறி அம்பாந்தோட்டைக்கோ திருகோணமலைக்கோ போவதென்றால் பாஸ்போர்ட் கட்டாயம். இங்கே ஆதார் உதவாது.

அமெரிக்கர்கள் சில கப்பல் பயணங்களுக்குப் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் மட்டும் கொண்டு போகலாம் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கான சலுகை. நமக்குப் பொருந்தாது.

2. தேதி சரியா?

பாஸ்போர்ட்டின் கடைசித் தேதி வரைக்கும் பயணம் போகலாம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகள் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடிக் காலம் மீதி இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. திரும்பி வரும் நாளிலிருந்து ஆறு மாதம் எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பத்திரம். முத்திரை குத்த வெற்றுப் பக்கங்கள் இருக்கின்றனவா என்றும் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

குடும்பமாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். பெரியவர்கள் பாஸ்போர்ட் 10 ஆண்டு செல்லும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வழக்கமாக 5 ஆண்டு அல்லது 18 வயது நிறையும் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான். எல்லாருக்கும் ஒரே நாளில் எடுத்தோமே என்று நினைத்தால், அப்பா அம்மாவுடையது உயிரோடு இருக்கும், பிள்ளையுடையது முடிந்துபோயிருக்கும். ஒவ்வொரு பாஸ்போர்ட்டையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள்.

3. பெயர் ஒத்துப்போகுதா?

நம் ஊரில் அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடுவது வழக்கம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து முழுப் பெயராகத்தான் எழுத வேண்டும். கப்பல் டிக்கெட்டிலோ பழக்கதோஷத்தில் இனிஷியலைப் போட்டுவிடுகிறோம். ஆதாரில் ‘பாண்டி’, மார்க்‌ஷீட்டில் ‘பாண்டியன்’ என்று இருப்பதும் சகஜம். பாஸ்போர்ட்டில் எந்த எழுத்துகள் இருக்கின்றனவோ, அதே எழுத்துகளை அதே வரிசையில் டிக்கெட்டிலும் விசா விண்ணப்பத்திலும் போடுங்கள். டிராவல் ஏஜென்ட்டிடம் பெயரை வாயால் சொல்லாதீர்கள், பாஸ்போர்ட் நகலைக் கொடுங்கள்.

4. விசா எத்தனை தடவைக்கு?

பலர் கோட்டை விடும் இடம் இதுதான். சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கே கப்பல் ஏறி, மலேசியாவின் பினாங்கைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் சிங்கப்பூரிலேயே இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூருக்குள் நீங்கள் நுழைவது இரண்டு தடவை. ஒரு தடவை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா இருந்தால் திரும்பி வரும்போது சிக்கல்தான். பல முறை நுழையும் விசாவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

“நாங்க அந்த ஊர்ல இறங்கவே மாட்டோம், கப்பல்லயே இருந்துக்கிறோம்” என்று சொன்னாலும், அந்த நாட்டு விசா இல்லாதவர்களை ஏற்ற மறுக்கும் கப்பல் நிறுவனங்கள் உண்டு. விசா விதிகள் அடிக்கடி மாறுபவை. டிக்கெட் போடும்போது ஒரு தடவை, புறப்படுவதற்கு முன் ஒரு தடவை அந்தந்த நாட்டின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பாருங்கள்.

பாஸ்போர்ட்டில் ‘ஈ.சி.ஆர்.’ என்று இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அது அறிவிக்கப்பட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான கட்டுப்பாடு. சுற்றுலா போக அது தடை இல்லை.

5. புதுசா எடுக்கணுமா, புதுப்பிக்கணுமா?

உசிலம்பட்டியோ, மேலூரோ, திருமங்கலமோ, எந்த ஊராக இருந்தாலும் தொடக்கம் ஒன்றுதான். ‘பாஸ்போர்ட் சேவா’ இணையதளத்தில் பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, நேர ஒதுக்கீடு பெற வேண்டும். மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் பாரதி உலா சாலையில் இருக்கிறது. நீங்கள் எந்த மையத்துக்குப் போக வேண்டும் என்பது ஒதுக்கீட்டுச் சீட்டிலேயே இருக்கும். அசல் ஆவணங்களை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட் கட்டணம் 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000 ரூபாய். தட்கலில் கூடுதலாக 2,000 ரூபாய். காலாவதி ஆவதற்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், கடைசி நேரத் தட்கல் செலவைத் தவிர்த்துவிடலாம். 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும். அதில் குழந்தையின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

போலி இணையதளங்களும் இருக்கின்றன, உஷார்! அரசு இணையதள முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ என்றுதான் முடியும். சந்தேகம் இருந்தால் கட்டணமில்லா எண் 1800-258-1800-ஐ அழையுங்கள்.

6. கப்பல் ஏறும் நாளில்

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு பிறகு அறைக்கு அனுப்புவார்கள். பாஸ்போர்ட்டை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் சோதனையில் காட்ட ஒன்றும் இருக்காது. கைப்பையிலேயே வைத்திருங்கள். முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா ஆகியவற்றின் நகல்களைத் தனியாக வையுங்கள். வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால் இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும். அதை வைத்து ஊர் திரும்பலாமே தவிர, அடுத்த துறைமுகத்துக்குப் பயணத்தைத் தொடர முடியாது.

சரி, இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். பீரோவில் இருக்கும் பாஸ்போர்ட்டுகளை எல்லாம் எடுத்து, வீட்டில் ஒவ்வொருவருடைய பெயர், கடைசித் தேதி, மீதிப் பக்கங்கள் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் கப்பல் நிற்கும் துறைமுகங்களை எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் தைரியமாக டிக்கெட் போடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் முதல் வேலை பாஸ்போர்ட் விண்ணப்பம், டிக்கெட் அப்புறம்தான். பயணம் இனிதாகட்டும்!