படகு ஆடும், படம் ஆடக் கூடாதாம்!

நம்பிக்கை: ஸ்டெபிலைசேஷன் போட்டுவிட்டால் படகிலும் படம் ஆடாது.

அந்தமானில் ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து எலிஃபன்ட் பீச்சுக்கு ஸ்பீட் போட்டில் போகிறவர்கள் எடுக்கும் வீடியோவைப் பாருங்கள். தொடுவானம் கோடு கிழித்ததுபோல் அசையாமல் நிற்கும். ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டில் சித்தப்பாவும் அவர் உட்கார்ந்திருக்கும் பலகையும்தான் தொட்டிலாக ஆடுவார்கள். கேமராவில் பழுதில்லை. உள்ளே இருக்கும் ஜைரோவுக்குப் படகு என்று ஒன்று இருப்பதே தெரியாது. கேமரா எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்பதுதான் அதன் கணக்கு. படகோடு சேர்ந்து சாய்ந்தாலும் கைநடுக்கம் என்றே எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திருத்திவிடும். கடலை எடுப்பவருக்கு இது சௌகரியம். படகுக்குள் இருப்பவர்களை எடுத்தால்தான் வம்பு. அப்போது எஞ்சினை விட்டுத் தள்ளி ஒரு கம்பியில் கேமராவை இறுக்கி மாட்டி, ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். ஆட்கள் நிற்பார்கள், பின்னால் கடல் சாயும். கடல் பயணத்தில் கடல்தானே சாய வேண்டும்?

அலை தூக்கிப் போடுவது வேறு கதை. அப்போது கேமரா திரும்புவது மட்டுமில்லை, மேலும் கீழும் போகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை கேமராவை மோட்டாரால் திருப்பி நிலைநிறுத்தும் மூன்று அச்சு கிம்பலாலும் பிடிக்க முடியாது. கிம்பலோடு ராதாநகர் கடற்கரை மணலில் நடக்கும்போது படம் தத்தித் தத்திப் போவதும் இதனால்தான். முழங்காலைச் சற்று மடக்கி நடந்தால் குறையும்.

நம்பிக்கை: கிம்பல்தான் உசத்தி, டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷன் என்றால் படத்தை வெட்டும் வேலை.

வெட்டுவது நிஜம். 2016-இல் வந்த கோப்ரோ ஹீரோ 5 பிளாக், படத்தின் ஓரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைத்துத்தான் ஆட்டத்தை ஈடுகட்டியது. 2018-இல் ஹீரோ 7 பிளாக்கில் ஹைப்பர்ஸ்மூத் என்ற டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷன் வந்தபின், நல்ல வெயிலில் அதன் படத்தையும் கிம்பல் படத்தையும் பிரித்துச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. போதாததற்கு, 2023-இல் வந்த ஆஸ்மோ பாக்கெட் 3 கேமராவின் கிம்பல் திறந்தபடி இருக்கிறது. உப்புத் தண்ணீர் அதற்கு ஆகாது.

இருட்டினால்தான் கிம்பல் ஜெயிக்கும். அஸ்தமனம் முடிந்த கடற்கரையில் ஷட்டர் நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கிறது என்று வையுங்கள். அதற்குள் கை நடுங்கினால் அந்த ஃபிரேமே மங்கலாகப் பதிந்துவிடும். டிஜிட்டல் முறை ஃபிரேமை நேராக நிறுத்தும், மங்கலை எடுக்காது. அசையாத படம் விட்டுவிட்டுக் கலங்கும். கிம்பல் லென்ஸையே பிடித்து நிறுத்துவதால் அந்த மங்கல் பெரிதும் குறையும். சினிமாத் தோற்றம் வேண்டும் என்று ஆக்‌ஷன் கேமராவில் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டி ஷட்டரை மெதுவாக்குகிறவர்கள், இதே கலங்கலை நடுப்பகலில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

நம்பிக்கை: ஸ்கூபா போகும்போது ஸ்டெபிலைசேஷனை உச்ச அளவில் வைக்க வேண்டும்.

தட்டைக் கண்ணாடிக்கு முன்னால் தண்ணீர் வந்ததும், ஒளிவிலகலால் பார்வைக் கோணம் ஏறக்குறைய முக்கால் பங்காகச் சுருங்கும். காற்றுக்குப் போட்ட கணக்கில் திருத்தினால் கொஞ்சம் குறையாகவே திருத்தும். உச்ச அளவோ இருக்கும் கோணத்தையும் இன்னும் வெட்டும். கையின் வெடுக்கென்ற அசைவைத் தண்ணீரே அடக்கிவிடுவதால் குறைந்த அளவே போதும். ஜைரோஃப்ளோ என்ற இலவச மென்பொருளில் நீரின் ஒளிவிலகலையும் கணக்கில் சேர்த்துப் பிறகு திருத்தலாம். அந்த எண்ணம் இருந்தால் கேமராவில் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டே இறங்குங்கள்.