இரண்டு கோர் என்றால் இரட்டை வேகமா?

பிள்ளையின் படிப்புக்கென்று சீட்டுக் காசு சேர்த்துப் பழைய கணனி வாங்கப் போகும் தாய் தகப்பன்மாரிடம், "இதில ரெண்டு கோர் இருக்கு, வேகம் இரட்டிப்பு" என்று சில கடைக்காரர் சொல்வதாக அறிகிறோம். அது முழு உண்மை இல்லை.

புரொசெஸர் கணனியின் மூளை; அதற்குள் வேலை செய்யும் ஆள்தான் கோர். ஒருவர் பீலியில் தண்ணீர் பிடிக்க, மற்றவர் ரொட்டி சுட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மாவு பிசையுமுன் ரொட்டி சுட ஏலாதே! 60 நிமிட வேலையில் பாதியைத்தான் பங்கு பிரிக்கலாம் என்றால், இரண்டு கோர் இருந்தாலும் 45 நிமிடம் பிடிக்கும், 30 அல்ல.

2005இல் ஏ.எம்.டி. கம்பனி விற்ற அத்லன் 64 3800+ ஒற்றைக் கோர், 2.4 கிகாஹேர்ட்ஸ். அதே எண் போட்ட எக்ஸ்2 3800+ இரட்டைக் கோர். ஆனால் ஒவ்வொன்றும் 2.0 தான். பிரிக்க முடியாத ஒரே வேலையில் ஒற்றைதான் முந்தும். வைரஸ் தேட விட்டுவிட்டு, கூடவே கடிதமும் தட்டச்சு செய்வதென்றால் இரட்டைதான் நல்லது.

இதற்காக இன்று ஒற்றைக் கோரை வாங்கிவிட வேண்டாம். விண்டோஸ் 11 ஆகக் குறைந்தது இரண்டு கோரும் 4 ஜீ.பீ. நினைவகமும் கேட்கிறது. எந்த வருடத்துப் புரொசெஸர், நினைவகம் எவ்வளவு என்று கடையில் கேளுங்கள். இரண்டு வேலையை ஒன்றாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காசைப் பிறகு எண்ணிக் கொடுக்கலாம்.