மை குடிக்கும் பொறி

புது தில்லியில் வாழும் ஒரு குடும்பம், மகளின் பிறந்தநாள் படங்களை மதுரையிலுள்ள பாட்டிக்கு அனுப்ப விரும்பியது. கைப்பேசித் திரையில் பார்ப்பது பாட்டிக்கு நிறைவு தருவதில்லை. படத்தைக் கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். ஆதலால், நிழற்படம் அச்சிடும் இங்க்ஜெட் அச்சுப்பொறி ஒன்று 4,000 ரூபாய்க்கு வாங்கப்பட்டது. விலை மலிவு என்று அனைவரும் மகிழ்ந்தனர். இருபதாம் படம் வெளிவருமுன் மை தீர்ந்தது. கார்ட்ரிட்ஜ் எனப்படும் மைப்பெட்டியின் விலையைக் கேட்ட தந்தை திகைத்தார்.

இத்தகைய பொறிகள் பலவற்றைக் குறைந்த விலைக்கு விற்று, பின்னர் மையில் வருவாய் ஈட்டுவதே வணிகர் கையாளும் முறை. பொறியை ஒருமுறை வாங்கினால் போதும். மையையோ மீண்டும் மீண்டும் வாங்க வேண்டும்.

இப்பொறி, மயிரிழையினும் நுண்ணிய துளைகள் வழியே மையைத் துளித்துளியாகத் தாளின்மேல் தெளிக்கிறது. ஒரு துளி 2 பிக்கோலிட்டர் எனக் கொண்டால், 1 மில்லிலிட்டர் மையில் 50 கோடித் துளிகள் இருக்கும். அவ்வாறாயின் மை ஏன் இவ்வளவு விரைவில் தீர்கிறது? சிறிய மைப்பெட்டிகள் சிலவற்றில் உள்ள மை ஒரு தேக்கரண்டி அளவே. அட்டையில் அச்சிடப்பெறும் பக்க எண்ணிக்கையோ, பெரும்பாலும் வெற்றிடம் மிகுந்த பக்கங்களைக் கொண்டு கணக்கிடப்படுவது. கடிதம் ஒன்றில் எழுத்துகள் தாளின் சிறு பகுதியையே மறைக்கும். நிழற்படத்திலோ வானம், சுவர், ஆடை என எங்கும் மை படிய வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு மற்றொன்றும் உண்டு. பொறி நெடுநாள் உறங்கினால் துளைகளில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். அவற்றைத் தூய்மை செய்யப் பொறி தானே மையை உமிழும். அந்த மை தாளுக்கு வாராது. பொறியின் அடியிலுள்ள பஞ்சு போன்ற திண்டில் ஊறிப்போகும். குறைவாக அச்சிட்டால் மை மிச்சமாகும் என்று எண்ணுவோர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். மூன்று வண்ணங்களும் ஒரே பெட்டியில் இருப்பின், ஒன்று தீர்ந்தாலும் முழுப் பெட்டியையும் மாற்ற நேரிடும்.

மகள் குறிப்பேட்டை எடுத்துக் கணக்கிட்டாள். 900 ரூபாய் மைப்பெட்டியில் 30 படங்கள். ஒரு படத்திற்கு மை 30 ரூபாய், பளபளப்புத் தாள் 10 ரூபாய், ஆக 40 ரூபாய். அண்டைத் தெருவின் ஸ்டூடியோவில் அதே அளவுப் படம் 15 ரூபாய்தான்!

“பொறியின் விலையை மறந்துவிட்டாயே, அம்மா!” என்றார் தந்தை. 200 படங்களுக்கு அதனைப் பகிர்ந்தால், படத்திற்கு மேலும் 20 ரூபாய் கூடிற்று.

மையை ஊற்றி நிரப்பும் தொட்டி அமைந்த பொறிகளும் உண்டு. எப்சன் நிறுவனம் 2010 இல் இந்தோனேசியாவில் இவ்வகையை அறிமுகம் செய்தது. இவற்றின் விலை கூடுதல். மைச்செலவு மிகக் குறைவு. நாள்தோறும் அச்சிடுவோர்க்கு இவை ஏற்றவை. ஆண்டிற்குச் சில படங்களே தேவைப்படும் வீட்டிற்கு ஸ்டூடியோவே போதும்.

பாட்டிக்குரிய அடுத்த படங்கள் ஸ்டூடியோவிலிருந்து சென்றன. வீட்டுப் பொறியில் மகள் வாரம் ஒருமுறை, துளைகள் உலராதிருக்க, பள்ளிச் செயல்திட்டத்தின் வண்ணப் பக்கம் ஒன்றை அச்சிடுகிறாள்.

பயிற்சி

1. குறைவாக அச்சிடும் வீட்டிலும் மை தீர்வது ஏன்?
2. பொறியின் விலையையும் சேர்த்து, 24 படங்களை வீட்டில் அச்சிடுவதற்கும் ஸ்டூடியோவில் அச்சிடுவதற்கும் உள்ள செலவு வேறுபாட்டைக் கணக்கிடுக.
3. உம் வீட்டிற்கு அருகிலுள்ள கடையில் ஒரு படத்தின் விலையைக் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.